பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன், என்ஜிஓ மேனேஜ்மென்ட்ல பிஜி: நம்ம குமரி பிள்ளைங்க எப்படி பிளான் பண்ணலாம்

டிகிரி முடிச்சிட்டு "அரசு நிர்வாகம் பக்கம் போணும்", இல்ல "ஏதாவது தொண்டு நிறுவனத்துல உருப்படியா வேலை பாக்கணும்"னு நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இத எழுதுறேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல படிப்புக்கு குறைச்சலே இல்ல, 2011 சென்சஸ்ல எழுத்தறிவுல தமிழ்நாட்டுலேயே முதல் மாவட்டம் நாமதான், ஆனா மேல்படிப்புன்னு பேச்சு வந்தா வீட்டுல பி.எட்., எம்.பி.ஏ., இல்லன்னா கல்ஃப், அதுக்கு மேல பேச்சு நகராது. இந்த ரெண்டு படிப்பையும் பத்தி விவரமா சொல்ல பக்கத்துல ஆளும் இருக்காது. நான் சொல்லப்போறதுல முக்கியமானத முதல்லயே சொல்லிடுறேன். கோர்ஸ் பேரையும் காலேஜ் பேரையும் மட்டும் பாத்து சேராதீங்க, அந்த கோர்ஸ்ல எத்தன நாள் உங்கள களத்துக்கு அனுப்புவாங்க, பட்ஜெட்டும் கணக்கும் வாசிக்க சொல்லித் தருவாங்களான்னு பாத்து சேருங்க. இந்த ரெண்டும் இல்லாம ரெண்டு வருஷம் படிச்சா கையில சர்ட்டிபிகேட் இருக்கும், வேலை தெரியாது.

எது எதுக்குன்னு மொதல்ல பிரிச்சுக்கலாம். எம்.ஏ. பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்ல அரசாங்கம் உள்ளுக்குள்ள எப்படி ஓடுதுன்னு படிப்பீங்க, 1887ல வுட்ரோ வில்சன் எழுதின கட்டுரையில தொடங்கி அமைப்புக் கோட்பாடு, பணியாளர் நிர்வாகம், நிதி நிர்வாகம், உள்ளாட்சின்னு போகும். யுபிஎஸ்சி மெயின்ஸ்ல இது ஒரு ஆப்ஷனல், ரெண்டு பேப்பர், ஒவ்வொண்ணுக்கும் 250 மார்க். யுஜிசி நெட்லயும் இது தனி சப்ஜெக்ட், அதனால காலேஜ்ல பாடம் எடுக்கணும்னு நினைக்கிறவங்களுக்கும் வழி இருக்கு. ஆனா இந்த டிகிரி வாங்கிட்டா நேரா ஒரு அரசு வேலை கிடைச்சிரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2ல பெரும்பாலான பதவிக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும், பரீட்சை எழுதித்தான் போணும். இந்த படிப்பு உங்களுக்கு குடுக்குறது விஷய அறிவு, அத மனசுல வச்சுக்கிட்டு சேருங்க.

என்ஜிஓ பக்கம்னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு எம்.எஸ்.டபிள்யூ., அதாவது மாஸ்டர் ஆஃப் சோஷியல் ஒர்க். ரெண்டு வருஷம், வாரத்துல சில நாள் ஃபீல்ட் ஒர்க், கிராமத்துல தங்குற ரூரல் கேம்ப், முடிக்கும்போது ஒரு ஆய்வேடு, பெரும்பாலும் இதான் அமைப்பு. ரெண்டாவது வருஷம் ஸ்பெஷலைசேஷன் எடுக்கணும், அதுல எச்ஆர் எடுத்தா கம்பெனி பக்கம் போயிருவீங்க, கம்யூனிட்டி டெவலப்மென்ட் எடுத்தாதான் என்ஜிஓ வேலைக்கு நேரா பொருந்தும். இது தெரியாமலே நிறைய பேர் சேர்ந்துட்டு பொறவு முழிக்கிறாங்க. நான்-பிராபிட் மேனேஜ்மென்ட்னு அப்படியே பேரு போட்ட கோர்ஸ் இந்தியாவுல கம்மிதான், டெவலப்மென்ட் மேனேஜ்மென்ட், சோஷியல் ஆன்ட்ரப்ரனர்ஷிப், ரூரல் மேனேஜ்மென்ட்ங்கிற பேர்ல தேடுங்க.

எங்க படிக்கலாம்? வீட்டுல இருந்தே போய்ட்டு வரணும்னா மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு கீழ வர்ற காலேஜ்ங்கள்ல எது எதுல எம்.எஸ்.டபிள்யூ. இருக்குன்னு அந்தந்த வருஷ லிஸ்ட்ட பாத்துக்கோங்க. குழித்துறை, களியக்காவிளை பக்கம் உள்ளவங்களுக்கு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ரெண்டும் எட்டுற தூரம்தான், அங்க ஸ்ரீகாரியத்துல லயோலா காலேஜ் ஆஃப் சோஷியல் சயின்சஸ் 1963ல இருந்து நடக்குது, மலையாளம் பேசத் தெரிஞ்ச நம்ம பிள்ளைங்களுக்கு அங்க ஃபீல்ட் ஒர்க் செய்ய கஷ்டமே இருக்காது. சென்னையில மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், 1952ல மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கினது. திண்டுக்கல் பக்கத்துல காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம், 1956ல சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கினது, கிராமத்தோட சேர்ந்தே படிப்புங்கிறதுதான் அதோட அடிப்படை, எனக்கு தனிப்பட்ட முறையில ரொம்ப பிடிச்ச இடம். மும்பை டிஸ்ல (டாடா சமூக அறிவியல் நிறுவனம்) இப்போ பெரும்பாலும் சியுஇடி பிஜிங்கிற பொது நுழைவுத் தேர்வு வழியாதான் எடுக்குறாங்க, அந்த விண்ணப்பம் வழக்கமா டிசம்பர், ஜனவரி வாக்குல வரும், பைனல் இயர் செமஸ்டர் பரபரப்புல விட்டுராதீங்க. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்துல எம்.ஏ. டெவலப்மென்ட் இருக்கு, குடும்ப வருமானத்த பாத்து ஃபீஸ்ல உதவி செய்வாங்க, அதனால "அதெல்லாம் பணக்காரங்க படிக்கிற இடம்"னு ஒதுக்காதீங்க.

வேலை பாத்துக்கிட்டே படிக்கணும்னா இக்னோவுல எம்.ஏ. பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷனும் எம்.எஸ்.டபிள்யூ.வும் இருக்கு, ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ அட்மிஷன். ரெண்டு வருஷ கோர்ஸ முடிக்க நாலு வருஷம் வரை டைம் தருவாங்க, அதனால வீட்டுப் பொறுப்பு உள்ள அக்காமாருக்கு இது நல்ல வழி. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் பாருங்க. தொலைதூரப் படிப்பு எதுல சேர்ந்தாலும் அந்த குறிப்பிட்ட கோர்ஸுக்கு யுஜிசி அனுமதி அந்த வருஷம் இருக்கான்னு யுஜிசி சைட்லயே பாத்துக்கோங்க, தொலைதூரப் படிப்பு மாணவர்களுக்கான யுஜிசியோட டெப் ஐடியும் எடுக்கணும், ஏஜென்ட் சொல்றத கேட்டு பணம் கட்டாதீங்க.

இனி சேர்றதுக்கு முன்னாடி ஊர்ல இருந்தே செய்ய வேண்டியது, இதத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்லுவேன். கிராம சபைக்கு போங்க. நம்ம மாவட்டத்துல 95 கிராம ஊராட்சி இருக்கு, வருஷத்துக்கு ஆறு தடவ கூட்டம், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்க இடம் பேரூராட்சின்னா அங்க கிராம சபை கிடையாது, பக்கத்து ஊராட்சிக்கு போய் ஓரமா உக்காந்து கவனிங்க. வரவு செலவ வாசிக்கும்போது யாரு கேள்வி கேக்குறா, எந்த தெருவுக்கு ரோடு வந்துச்சு எதுக்கு வரல, பெண்கள் எந்திரிச்சு பேசினா அது தீர்மானப் புத்தகத்துல ஏறுதா, எழுதி முடிக்கிறதுக்கு முன்னாடியே கையெழுத்து வாங்குறாங்களா, இத ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. பொறவு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ஐ எடுத்து நீங்க பாத்ததோட ஒப்பிட்டு வாசிங்க. கிளாஸ்ல உக்காரும்போது அந்த பாடம் உங்களுக்கு தலையில நிக்கும்.

என்ஜிஓ பக்கம் போறவங்க ஒரு நிறுவனத்தோட ஆண்டு அறிக்கையையும் ஆடிட் கணக்கையும் கையில எடுங்க. வெளிநாட்டுப் பணம் வாங்குற நிறுவனம்னா வருஷா வருஷம் எஃப்சி-4ங்கிற கணக்கு அறிக்கைய மத்திய அரசுக்கு தாக்கல் பண்ணணும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தோட 2020 திருத்தத்துக்கு அப்புறம் அந்த பணத்துல நிர்வாகச் செலவு 20 சதவீதத்த தாண்டக்கூடாது, முன்னாடி இது 50 சதவீதம். சம்பளமும் ஆபீஸ் வாடகையும் எங்க இருந்து வருதுன்னு இப்போ யோசிச்சு பாருங்க, சின்ன நிறுவனங்க ஏன் திணறுதுன்னு புரியும். அடுத்து சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிங்க சமூகப் பொறுப்புக்கு செலவு பண்ற பணம், கம்பெனி சட்டம் 135வது பிரிவுப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல உள்ள கம்பெனி, முந்தின மூணு வருஷ சராசரி நிகர லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும், அந்த பணத்த வாங்க நிறுவனம் சிஎஸ்ஆர்-1 பதிவு வச்சிருக்கணும். டிரஸ்டுக்கும் சொசைட்டிக்கும் லாப நோக்கமில்லாத செக்‌ஷன் 8 கம்பெனிக்கும் என்ன வித்தியாசம், வருமான வரிச் சலுகையில 12ஏ எதுக்கு, 80ஜி எதுக்கு, இத இன்டர்வியூவுல நிதானமா சொல்லத் தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி, நீங்க அதுல ஒருத்தரா இருங்க மக்கா.

விண்ணப்பத்துல ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ், அதாவது இந்த படிப்பு ஏன் வேணும்னு நீங்க எழுதுற கட்டுரை, கேப்பாங்க. "சிறு வயது முதலே எனக்கு சமூக சேவையில் ஆர்வம் அதிகம்"னு தொடங்காதீங்க, எல்லாரும் அதத்தான் எழுதுறாங்க. உங்களுக்கு கண்ணு முன்னாடி விஷயம் கிடக்கு. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்போ தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கரையில இருந்து கடலுக்கு போனவங்க எத்தனையோ பேர் திரும்பல, உடம்பும் கிடைக்கல. ஏழு வருஷம் தகவல் இல்லன்னாதான் ஒருத்தர் இறந்ததா கருதலாம்ங்கிறது பொதுவான சட்டம். அதுவரைக்கும் அந்த வீட்டு அம்மா பேங்க் கணக்குக்கும் நிவாரணத்துக்கும் எந்த பேப்பர காட்டுவாங்க? ஒரு விதி ஒரு வீட்டுக்குள்ள வந்து எப்படி நிக்குதுங்கிறதத்தான் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்ல படிக்கப் போறீங்க, அத உங்க ஊரு வழியா எழுதினா தேர்வு பண்றவங்க கண்டிப்பா நின்னு வாசிப்பாங்க.

ஒக்கி மட்டும்தான்னு இல்ல. 1920கள்லயே மார்த்தாண்டத்துல ஒய்எம்சிஏ கிராமப் புனரமைப்பு மையத்த ஸ்பென்சர் ஹாட்ச் நடத்தினாரு, மார்த்தாண்டம் தேனுக்கு பின்னாடி அந்த வேலை இருக்கு. கரையோரத்துல மீனவர் சங்கங்க, திருவனந்தபுரத்துல இருக்கிற அவங்க கூட்டமைப்பு சிஃப்ஸ், 2004 சுனாமிக்கு அப்புறம் குளச்சல், கொட்டில்பாடு பக்கம் வந்த நிறுவனங்கள்ல எது நின்னுச்சு எது போச்சு, ஒவ்வொண்ணும் ஆய்வேட்டுக்கு தகுந்த தலைப்பு. களியக்காவிளை தாண்டினா இன்னொரு உள்ளாட்சி முறை இருக்கு, 1996ல கேரளாவுல மக்கள் திட்டம் தொடங்கி ஊராட்சிக்கு பணமும் அதிகாரமும் நிறைய போச்சு, எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜனம், ஊராட்சி மட்டும் வேற மாதிரி, இந்த ஒப்பீட்ட நம்மள விட சுலபமா செய்யக்கூடியவங்க யாரு.

தமிழ் மீடியத்துல படிச்சவங்க இங்கிலீஷ நினைச்சு பின்வாங்காதீங்க. கிராம சபை நோட்டுல தமிழ்ல எழுதினத வாரத்துக்கு ஒரு பக்கம் இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க, தெரிஞ்ச விஷயத்த எழுதும்போது வார்த்தை தானா வரும்.

வெளிநாடுன்னா அமெரிக்காவுல MPA (மாஸ்டர் ஆஃப் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்), MPP (மாஸ்டர் ஆஃப் பப்ளிக் பாலிசி)னு தேடுங்க, காதுல ஒரே மாதிரி விழுந்தாலும் MPA வேற, பிசினஸ் படிப்பான MBA வேற. MPA பெரும்பாலும் ரெண்டு வருஷம், இந்த படிப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்குற நாஸ்பா (NASPAA) அமைப்போட அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க. பிரிட்டன்ல ஒரு வருஷம், அதுக்கு பிரிட்டன் அரசோட செவனிங் ஸ்காலர்ஷிப் இருக்கு, சுமார் ரெண்டு வருஷ வேலை அனுபவம் கேப்பாங்க, படிச்சு முடிச்சதும் ஊருக்கு திரும்பி ரெண்டு வருஷம் இருக்கணும். எஸ்.சி. பிள்ளைங்களுக்கு மத்திய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் இருக்கு, மார்க் 60 சதவீதம், குடும்ப வருமானம் வருஷம் 8 லட்சத்துக்குள்ளன்னு நிபந்தனை. வெளிநாட்டுக் கனவு உள்ளவங்க டிகிரி முடிச்ச கையோட போறத விட, ரெண்டு வருஷம் இங்க ஒரு நிறுவனத்துலயோ திட்டத்துலயோ வேலை பாத்துட்டு போறதுதான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன், ஸ்காலர்ஷிப்பும் அப்பதான் வாய்க்கும்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் இ-சேவையில முன்கூட்டியே எடுத்து வைங்க, அட்மிஷன் சமயத்துல தாலுகா ஆபீஸ்ல கூட்டம் நெருக்கும். வேற பல்கலைக்கழகத்துல சேர்றீங்கன்னா மைக்ரேஷன் சர்ட்டிபிகேட் வேணும், நம்ம காலேஜ்ல படிச்சவங்களுக்கு அது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிற அபிஷேகப்பட்டியில இருந்துதான் வரணும், அதனால கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னைக்கே விண்ணப்பிச்சிருங்க.