மலையில் உள்ள ஆலயத்துக்குக் கரண்ட் செலவைக் குறைப்பது எப்படி? முதலில் ஈரம், அப்புறம் குளிர், கடைசியில் சோலார்

கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஆலயம். கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய பழைய சுவர், மேலே தகரக் கூரை, அதற்கடியில் பலகை சீலிங். ஞாயிறு ஆராதனைக்கு 150 பேர் வருவார்கள். புதன் மாலை வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம். மற்ற நேரமெல்லாம் பூட்டியே கிடக்கும். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் ஆள் புழங்கும் இப்படியொரு கட்டிடத்துக்கு, வீட்டுக்குச் சொல்லும் யோசனைகளில் பாதி பொருந்தாது. சேகரக் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) கட்டிடப் பொறுப்பு என்னிடம் இருப்பதால், செய்து பார்த்துப் பலன் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நன்கொடை வந்ததும் சோலாரில் ஆரம்பிக்கும் சபைகளைப் பார்க்கிறேன். கூரையில் சூடு ஓடிப்போகிறது, சுவர் ஊறிக் கிடக்கிறது, அதன் மேல் பேனல் வைத்து என்ன பயன்?

படி 1: மீட்டரைப் படியுங்கள்

இரண்டு மாத பில்லை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. சனி இரவு ஒரு ரீடிங், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒன்று, திங்கள் காலை ஒன்று என்று நான்கு வாரம் நோட்டில் எழுதுங்கள்.

அடுத்து, ஆலயத்தில் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டும். மீட்டர் முகப்பில் 3200 இம்பல்ஸ் என்று போட்டிருந்தால், 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை விநாடி என்று பார்த்து, 1125ஐ அந்த விநாடியால் வகுங்கள். அந்த நேரத்தில் எத்தனை வாட் ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். (வேறு எண் போட்டிருந்தால் 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, 1125க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.) எல்லாம் அணைத்த பிறகும் பத்து விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் 112 வாட் சும்மா போகிறது. இரண்டு மாதத்துக்கு அது 160 யூனிட்டுக்கு மேல்! பழைய இன்வெர்ட்டர் பேட்டரி, ஸ்டான்ட்பையில் கிடக்கும் ஆம்ப்ளிஃபயர், வெஸ்ட்ரியில் (ஆயர் ஆயத்தமாகும் பக்க அறையில்) யாரும் தொடாத ஃப்ரிட்ஜ், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

படி 2: ஈரத்தை வெளியே நிறுத்துங்கள்

ஊறிய சுவர் காய்ந்த சுவரைவிட வேகமாகச் சூட்டை வெளியே கடத்தும். அந்த ஈரம் உலரவும் உள்ளே இருக்கும் சூடுதான் செலவாகும். அதனால் ஹீட்டர் வாங்கும் பணத்தில் முதலில் மழைத்தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யுங்கள்.

மலைச்சரிவில் கட்டிய ஆலயம் என்றால் மேட்டுப் பக்கச் சுவரைப் பாருங்கள். அங்கே மண் சரிந்து சுவரோடு ஒட்டியிருக்கும். அதை வெட்டி எடுத்து, தரைமட்டத்துக்குக் கீழே ஓடும்படி ஒரு வாய்க்கால் விடுங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடி. எங்கே இருந்தாலும் பிப்ரவரி, மார்ச்சில் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூச்சு வேண்டாம், பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், அடியில் டைல்ஸ் ஒட்டவும் வேண்டாம். சுவருக்குள் போன ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும். நீர்த்த சுண்ணாம்பை வெள்ளையடித்தால் போதும். பார்க்கவும் அழகு.

படி 3: கூரை (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இந்த இடத்தில்தான்.

ஜனவரியில் சீலிங் பலகையில் பழுப்புக் கறை படர ஆரம்பித்தது. காலையில் கதவு திறந்தால் பெஞ்சுகளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எல்லோரும் கூரை ஒழுகல் என்றார்கள். தகரத்து ஆணிகளுக்கெல்லாம் வாஷர் மாற்றி, தார் பூசியாயிற்று. சொட்டு நிற்கவில்லை. ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கும் அண்ணன்தான் ஒருநாள், “மழை பேஞ்சே மாசமாச்சுங்க. இது எங்கிருந்துங்க ஒழுகுது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் விஷயம் பிடிபட்டது.

வானம் தெளிந்த இரவுகளில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உள்ளேயிருக்கும் ஈரக்காற்று மேலே போய் அதில் பட்டதும் தண்ணீராகிச் சொட்டும். காலையில் உறைபனி விழுந்த நாள்களில் சொட்டு அதிகம் இருப்பதற்கு இதுதான் காரணம். உள்ளே அவ்வளவு ஈரம் ஏது? நம் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் வருவதுதான். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு 40 கிராம் அளவுக்கு ஈரம் விடுகிறார். 150 பேர் இரண்டு மணி நேரம் இருந்தால் 12 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு குடம் தண்ணீர்.

உங்கள் ஆலயத்தில் ஒழுகலா, இதுவா என்று தெரிய ஒரு வழி உண்டு. சொட்டும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுத் தேதி எழுதுங்கள். மழை நாளில் ஒரே இடத்தில் சொட்டினால் ஒழுகல். மழையில்லாத காலையில், சட்டம் ஓடும் வரிசையில் பல இடங்களில் சொட்டினால் இதுதான்.

இனி தீர்வு. சீலிங்குக்கு மேல் ராக்வூல், அதாவது கல்லை உருக்கிச் செய்த பஞ்சு விரிக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் கனம், 48 அடர்த்தி (கனமீட்டருக்கு 48 கிலோ) என்று கேட்டு வாங்குங்கள். சதுர மீட்டருக்கு 2.4 கிலோ எடை ஏறும். சீலிங் சட்டம் தாங்குமா என்று தச்சரிடம் முதலில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விரிப்பவர்களுக்கு மாஸ்க்கும் முழுக்கை உறையும் கட்டாயம்.

அடுக்கும் வரிசையில்தான் சிக்கல் வரும். தச்சர் பாலிதீன் ஷீட்டை ராக்வூலுக்கு மேலே போடலாம் என்பார். சொட்டும் தண்ணீர் பஞ்சில் விழாதே என்பது அவர் நியாயம். ஆனால் கீழிருந்து ஏறும் ஈரக்காற்று பஞ்சுக்குள் புகுந்து, மேலே குளிர்ந்து கிடக்கும் பாலிதீனில் பட்டு அங்கேயே தண்ணீராகும். பஞ்சு ஊறி, பலகை அழுகும். ஆகவே பாலிதீன் ஆள் இருக்கும் பக்கம், அதாவது பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவே வர வேண்டும். கீழிருந்து மேலாக: பலகை, தடித்த பாலிதீன், ராக்வூல், அதன் மேல் தண்ணீரை விடாமல் ஆவியை மட்டும் வெளியே விடும் ரூஃபிங் ஷீட், பிறகு ஒரு சாண் காற்றிடைவெளி, கடைசியாகத் தகரம். காற்றிடைவெளி இருபுறமும் இறவாணத்தில் திறந்திருக்க வேண்டும். வௌவாலும் எலியும் வராமல் கம்பி வலை அடியுங்கள்.

பாலிதீன் ஒட்டுகளை ஒரு சாண் மேலேற்றி டேப் ஒட்டுங்கள். விளக்குக்கும் ஃபேனுக்கும் வயர் இறங்கும் ஓட்டைகளை விட்டுவிடாதீர்கள். மறுபடி கறை தெரிந்தால் அநேகமாக அந்த ஓட்டையைச் சுற்றித்தான் தெரியும்.

கடைக்காரர் தெர்மாகோல் மலிவு என்பார். வாங்காதீர்கள். பழைய வயரிங் ஓடும் கூரைக்குள் தீப்பிடிக்கும் பொருளை அடைக்கக் கூடாது. எலிக்கும் அது கொண்டாட்டம். உங்கள் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதில் துளை போடவோ அறுக்கவோ வேண்டாம்; அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்தின் உத்தரங்கள் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து கொண்டுவந்தவை. அந்த மாதிரிப் பழைய மரம் உங்கள் கூரையிலும் இருந்தால், பழைய கட்டிடம் அறிந்தவரைக் காட்டிக் கேட்காமல் எதையும் மூடாதீர்கள்.

படி 4: கதவு, ஜன்னல்

காற்றடிக்கும் பிற்பகலில் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரமாக நகர்த்துங்கள். புகை சாயும் இடமெல்லாம் இடுக்கு. ஜன்னல் சட்டத்துக்கு ரப்பர் பீடிங், பெரிய கதவின் அடிக்கு பிரஷ் வைத்த அலுமினியப் பட்டை. ஸ்பாஞ்ச் டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, தண்ணீரைக் குடித்துப் பிய்ந்துவிடும்.

உயரத்தில் இருக்கும் வெண்டிலேட்டர்களை மட்டும் அடைக்காதீர்கள். அந்த ஒரு குடம் தண்ணீர் வெளியேற அதுதான் வழி. ஆராதனை முடிந்ததும், உள்ளே இன்னும் வெதுவெதுப்பு இருக்கும்போதே, எதிரெதிர் ஜன்னல்களை இருபது நிமிடம் திறந்துவிட்டு மூடுங்கள். வெளியே மூடுபனியாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தக் குளிர்காற்றில் மொத்த ஈரம் உள்ளே இருப்பதைவிடக் குறைவுதான். இதமான மதிய வேளையில், குளிர்ந்து கிடக்கும் ஆலயத்தைத் திறந்து போடுவதுதான் தவறு. இதமான ஈரக்காற்று குளிர்ந்த கல்லில் பட்டு வியர்க்கும். ஒரு சின்ன ஈரப்பதமானியைத் தூணில் மாட்டுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பாட்டுப் புத்தகங்களில் பூஞ்சை பூக்கும்.

படி 5: கட்டிடத்தைச் சூடாக்காதீர்கள், ஆளைச் சூடாக்குங்கள்

ஃபேன் வைத்த ஹீட்டர் விடும் சூட்டுக்காற்று நேரே சீலிங்குக்குப் போய்விடும். உயரமான ஆலயத்தில் அது வீண். குவார்ட்ஸ் குழாய் வைத்த ஹீட்டரின் சூடு வெளிச்சம் போல நேரே ஆள்மேல் விழும். முதியவர்கள் உட்காரும் பகுதிக்கு மட்டும் இரண்டு வைத்தோம், போதுமாக இருக்கிறது. ஒவ்வொன்றும் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். தனித்தனி 16 ஆம்பியர் பிளக், கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்திவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, மின்வாரியத்தில் அதற்கேற்ற மின்பளு எல்லாம் இருக்க வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் 100 வாட் அளவுக்குச் சூடு விடுகிறார். 150 பேர் என்றால் 15,000 வாட், ஏழு பெரிய ஹீட்டருக்குச் சமம். கூரையைச் சரிசெய்துவிட்டால் இரண்டாவது பாட்டு முடிவதற்குள் சபையே ஆலயத்தைச் சூடாக்கிவிடும்.

குளிர் முதலில் காலில்தான் ஏறும். கல் தரையில் தேங்காய்நார் விரிப்பு, அதன் மேல் ஜமக்காளம். முன்னால் தரையில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஜமக்காளத்துக்கு அடியில் ஒரு ஃபோம் ஷீட். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பழைய கம்பளிகளை வெட்டி பெஞ்சுக்கு மெத்தை தைத்துக் கொடுத்தார்கள். செலவழித்த பணத்துக்கு இந்த அளவு நிறைவு வேறெதிலும் கிடைக்கவில்லை.

கரி கணப்பு உள்ளே வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரிப்புகையால் உயிர்போன செய்திகள் மலையில் யாருக்கும் புதிதல்ல. கேஸ் ஹீட்டரும் வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும்; படி 2இல் வெளியேற்றிய ஈரத்தை நாமே கொண்டுவந்து கொட்டுவதாகிவிடும்.

புதன், வெள்ளிக் கூட்டங்களை வெஸ்ட்ரிக்கோ சின்ன அறைக்கோ மாற்றுங்கள். இருபது பேருக்குப் பெரிய ஆலயம் எதற்கு? எங்கள் ஆயர் ஐயா இதை அறிவித்தபோது சிலருக்கு மனமில்லை. ஒரு டிசம்பர் போனது, இப்போது யாரும் திரும்பக் கேட்பதில்லை.

படி 6: விளக்கு

இது சுலபம். சோக் வைத்த 40 வாட் ட்யூப் உண்மையில் 50 வாட் இழுக்கும். 20 வாட் எல்இடி போதும். 500 வாட் ஹாலஜன் இருந்த இடத்தில் 50 வாட் எல்இடி. வார்ம் ஒயிட் வாங்குங்கள், பூச்சியும் குறைவாக வரும். லோ வோல்டேஜ் அடிக்கடி வரும் ஊர் என்பதால் எல்இடிக்குக் கரண்டை மாற்றித் தரும் ‘டிரைவர்’ மலிவானதாக இருந்தால் தாங்காது. ஒரே ஸ்விட்சில் எல்லா விளக்கும் எரிகிறதென்றால் மூன்றாகப் பிரித்துவிடுங்கள்.

படி 7: சோலார்

மற்றதெல்லாம் முடிந்த பிறகு மீட்டரை மறுபடி படித்துவிட்டு யோசியுங்கள். நமக்குக் கரண்ட் தேவைப்படுவது ஞாயிறு காலையும் சில மாலைகளும்; பேனல் தருவது வாரம் முழுக்கப் பகலில். அந்தக் கரண்டுக்கு மின்வாரியத்தில் என்ன கணக்கு கிடைக்கும் என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2024இல் வந்த பிரதமர் சூர்ய கர் மானியம் வீடுகளுக்கானது, ஆலயத்துக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பின்னர் சேர்த்தது: கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி, “எங்களுக்கு ஓட்டுக் கூரை, சீலிங்கே இல்லை” என்று எழுதியிருந்தார். மண் ஓடு கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும், இடுக்கில் காற்றும் போகும், அதனால் தகரம் போலச் சொட்டாது. அந்த இடுக்குகளைச் சிமென்டால் பூசாதீர்கள். ஓடுகளைத் தொடாமல், கீழே புதிதாகப் பலகை சீலிங் அடித்து, மேலே சொன்ன அதே வரிசையில் அடுக்குங்கள்.

இன்னொன்று: அசன (சபையார் கூடி உண்ணும் விருந்து) நாளுக்கு வெந்நீர் வேண்டும், சோலார் ஹீட்டர் வைக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். தினமும் வெந்நீர் செலவாகும் விடுதி இருந்தால் வையுங்கள். உறைபனி விழும் இடத்தில் தட்டையான பேனலுக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கலாம். கண்ணாடிக் குழாய் மாடலாகப் பார்த்து, வெளியே ஓடும் பைப்புக்கும் உறை போடச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அசனத்துக்கு மட்டும் என்றால் விறகு அடுப்பே போதும், ஆலயத்துக்கு வெளியே, கொட்டகையில்.