என்பிடெல் பாடத்தில் காசும் நேரமும் மிச்சம் பிடிக்க

ஆன்லைன் கோர்ஸுக்கு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்கிறார்களா? முதலில் மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் அதே பாடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்கள் அங்கேதான் இருக்கின்றன, சேர்வது இலவசம், சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக்கு 1,000 ரூபாய். அதைக் கட்டும் முன் உங்கள் கல்லூரித் துறைத் தலைவரிடம் போய், இந்தப் பாடத்துக்கு கிரெடிட் (உங்கள் பட்டப்படிப்புக் கணக்கில் சேரும் புள்ளி) உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள், வாய்ச்சொல்லை நம்பிப் படித்துவிட்டு அப்புறம் அலைவது பெரிய கொடுமை.

பாடங்கள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும், நிறையப் பாடங்கள் மறுபடி மறுபடி வரும். பழைய வீடியோக்கள் யூடியூபிலேயே கிடைப்பதால் லீவிலேயே பார்த்து முடித்துவிடலாம். உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வருகிறவர் என்றால், வைஃபை இருக்கும் இடத்தில் வீடியோவை டவுன்லோட் செய்து வைத்து, பஸ்ஸில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுங்கள். கணக்கு வரும் இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து, நோட்டில் போட்டுப் பாருங்கள். உட்கார்ந்து படிக்க புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகம் அருமையான இடம்.

12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரிக்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு முதலாவதில் 10, இரண்டாவதில் 30 வேண்டும். அதனால் சேர்ந்த உடனே பணம் கட்ட வேண்டாம், முதல் இரண்டு மூன்று அசைன்மென்ட் எழுதிப் பார்த்து, ஒத்துவந்தால், தேர்வுப் பதிவுக் கடைசி நாளுக்குள் கட்டுங்கள்.