கணவர் அமெரிக்காவில், நாம் காங்கேயத்தில்: துணைவர் விசா நேர்காணலுக்குத் தயாராவது எப்படி?

கல்யாணம் முடிந்து பதினெட்டாம் நாள் என் கணவர் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். அதற்கப்புறம் ஒன்றே முக்கால் வருடம் நான் காங்கேயத்தில் அப்பா வீட்டில்தான் இருந்தேன். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "விசா எப்பங்க வருது?" பதில் தெரியாத கேள்வியைத் தினமும் கேட்கும்போது மனசு எவ்வளவு சோர்ந்துபோகும் என்பது அந்த இடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். இந்த முறை நான் ஊருக்கு வந்திருந்தபோது மூன்று பெண்கள் பைலோடு வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நேர்காணல் சில நிமிடம்தான். அதற்கான வேலை முழுக்கக் காத்திருக்கும் மாதங்களில்தான் நடக்கிறது.

முதலில், காகிதம் போகும் பாதை

கணவர் ஐ-130 என்ற மனுவை யுஎஸ்சிஐஎஸ் என்ற குடியேற்றத் துறையில் போடுவார். அது ஒப்புதலானதும் கோப்பு நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். எல்லோரும் என்விசி என்றுதான் சொல்கிறார்கள். அங்கிருந்து ஒரு கேஸ் நம்பர் வரும். மும்பை என்பதால் 'பிஎம்பி' என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், ஸ்பான்சர் பத்திரத்துக்கு 120 டாலர் கட்டணம். இதை அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும், ஆகவே அது கணவர் வேலை. பிறகு டிஎஸ்-260 என்ற படிவத்தை ஆன்லைனில் நிரப்பி, சான்றிதழ்களை ஏற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஆவணங்கள் முழுமை என்று ஒரு மெயில் வரும். அதன் பிறகுதான் நேர்காணல் வரிசையில் நம் பெயர் ஏறும்.

சென்னையில் தூதரகம் இருக்கும்போது எதற்கு மும்பை என்று எங்கள் அப்பா கேட்டார். குடியேற்ற விசாவுக்கு மும்பைதான். சென்னையில் சுற்றுலா, படிப்பு, வேலை விசாக்களைத்தான் பார்க்கிறார்கள்.

கணவர் குடியுரிமை பெற்றவராக இருந்தால் ஆண்டுக்கு இத்தனை விசாதான் என்ற உச்சவரம்பு நமக்குக் கிடையாது. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் என்றால் எஃப்2ஏ என்ற பிரிவு. ஒவ்வொரு மாதமும் வெளிவரும் விசா புல்லட்டினில் உங்கள் முன்னுரிமைத் தேதி, அதாவது ஐ-130 மனு போட்ட தேதி, வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். நடுவில் அவருக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டால் அந்தச் சான்றிதழ் நகலை உடனே என்விசிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிரிவே மாறிவிடும்.

படி 1: பெயரைச் சரிபாருங்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். நம் பக்கத்தில் விசா தாமதமானவர்களிடம் விசாரித்தால் பாதிப் பேர் கதை பெயரில்தான் வந்து நிற்கும்.

என் அப்பா பெயர் பழனிசாமி. என் பிறப்புச் சான்றிதழில் அதை ஆங்கிலத்தில் நடுவில் 'டபிள்யூ' போட்டு எழுதியிருந்தார்கள். பாஸ்போர்ட்டில் 'டபிள்யூ' இல்லை. திருமணச் சான்றிதழில் 'சி-ஹெச்' போட்டுப் பழனிச்சாமி ஆக்கியிருந்தார்கள். ஒரே மனிதருக்கு மூன்று எழுத்து. அலுவலகத்தில் தட்டச்சு செய்தபோது நான் கவனிக்கவில்லை, கையெழுத்தும் போட்டுவிட்டேன். திருமணச் சான்றிதழைத் திருத்தி வாங்க மூன்று தடவை அலைந்தேன். பிறப்புச் சான்றிதழுக்கு, இரண்டும் ஒரே நபர்தான் என்று அப்பாவே நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

ஒரு மாலை உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போடுங்கள். மேலே ஆவணங்கள்: பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, திருமணச் சான்று, ஆதார். பக்கவாட்டில் உங்கள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து நிரப்புங்கள். எந்த இடத்தில் மாறுகிறதோ அங்கே சிவப்பு மையில் சுழியுங்கள். என் தாளில் ஏழு சுழி இருந்தது.

குறிப்பாக மூன்று விஷயம். கல்யாணம் ஆனதும் இனிஷியலை அப்பா பெயரிலிருந்து கணவர் பெயருக்கு மாற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. மனு நடந்துகொண்டிருக்கும்போது அதைச் செய்யாதீர்கள். விசாவுக்கு அது தேவையே இல்லை. ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று ஆகி நீங்கள்தான் சிக்கிக்கொள்வீர்கள். இரண்டாவது, பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் உங்கள் பெயர் குடும்பப்பெயராகவும், முதல் பெயருக்கு 'எஃப்என்யு' என்றும் அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். அங்கே போய் லைசென்ஸ், வங்கி என்று எல்லா இடத்திலும் அது கூடவே வரும். அவகாசம் இருக்கும்போதே பாஸ்போர்ட்டைச் சரிசெய்து மறுவெளியீடு வாங்குங்கள். மூன்றாவது, பள்ளியில் சேர்ப்பதற்காக அந்தக் காலத்தில் மே, ஜூன் என்று ஏதாவது ஒரு தேதியைச் சொல்லியிருப்பார்கள். பாஸ்போர்ட் அதை வைத்து எடுத்ததாக இருந்தால் பிறப்புச் சான்றோடு ஒத்துப்போகாது. இதை மறைக்கப் பார்க்காதீர்கள். எது உண்மையான தேதியோ அதற்கு ஆவணத்தைத் திருத்துங்கள்.

படி 2: சான்றிதழ்கள்

பிறப்புச் சான்றிதழ் தேடும்போது பலரும் சொந்த ஊரில் தேடி, இல்லை என்று திரும்பி வருகிறார்கள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே நடக்கும்? நான் பிறந்தது அப்புச்சி ஊருக்குப் பக்கத்தில், ஈரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றில். பதிவும் அங்கேதான் இருந்தது. பிறந்த இடம் எந்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போங்கள். சான்றிதழில் குழந்தையின் பெயர் இல்லாமல் 'பெண்' என்று மட்டும் இருந்தால் பெயரைச் சேர்த்து வாங்க வேண்டும். பதிவே இல்லை என்றால் 'பதிவு இல்லை' என்ற சான்றையும், பள்ளிச் சான்றையும், பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றுதான் செல்லும். மண்டபத்து ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் துணைக்கு மட்டும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும்.

காவல் துறை நற்சான்று, அதாவது பிசிசி, பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து வாங்குவது. 500 ரூபாய். நம் பக்கத்தவர்களுக்குக் கோவை அலுவலகம். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியும் இப்போது இருக்கும் முகவரியும் வேறாக இருந்தால் நேரம் பிடிக்கும். வேறு நாட்டில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும்.

படி 3: கணவர் பக்கம்

அவர் ஐ-864 என்ற ஸ்பான்சர் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். குடும்ப அளவுக்கான வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் அவருக்கு இருக்க வேண்டும். 2025 கணக்குப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 26,400 டாலர். போதவில்லை என்றால் அங்கே உள்ள உறவினரோ நண்பரோ கூட்டு ஸ்பான்சராக வரலாம், ஆனால் அவர் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவராக இருக்க வேண்டும். வரிக் கணக்கின் டிரான்ஸ்கிரிப்ட், சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம் எல்லாம் புதிதாக இருக்கட்டும். நேர்காணல் வர ஒரு வருடம் ஆகிவிட்டால் புதிய ஆண்டின் வரிக் கணக்கையும் கையில் கொண்டுபோங்கள்.

படி 4: காத்திருக்கும் மாதங்கள்

இந்த நாட்களில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை, ஒரு உறைக்குள், அந்த மாதத்தின் அடையாளம் ஒன்றைப் போடுங்கள்: பேசிய அழைப்புப் பட்டியலின் ஒரு பக்கம், அவர் அனுப்பிய பணத்தின் ரசீது, வந்து போன விமானச் சீட்டு, இன்சூரன்சில் உங்களை நாமினியாகப் போட்ட தாள். நேர்காணல் சமயத்தில் ஐந்நூறு பக்கம் வாட்ஸப் உரையாடலை அச்செடுத்துப் போவதைவிட, இந்த உறை தெளிவாகப் பேசும்.

வேலையை விடாதீர்கள். நகையை, நிலத்தை விற்காதீர்கள். டிக்கெட் எடுக்காதீர்கள். விசா கைக்கு வருமுன் இதெல்லாம் வேண்டாம் என்று தூதரகமே சொல்கிறது. ஊரார் கேட்பதற்காக ஒரு தேதி சொல்லவும் வேண்டாம். "வரிசையில இருக்குதுங்க" என்று சொன்னால் போதும்.

படி 5: கடிதம் வந்ததும்

நேர்காணல் தேதி மெயிலில் வரும். உடனே இரண்டு வேலை. அதில் சொன்னபடி விசா தளத்தில் பதிந்து, கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் நேரம் வாங்குங்கள். பாஸ்போர்ட் திரும்ப வரவேண்டிய இடத்தையும் அங்கேதான் குறிப்பிட வேண்டும். அடுத்தது மருத்துவப் பரிசோதனை. தூதரகப் பட்டியலில் உள்ள டாக்டர்களிடம் மட்டும்தான் செய்ய முடியும். சென்னையிலும் இருக்கிறார்கள், நான் அங்கேதான் போனேன். மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி. பழைய தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், சில ஊசிகள் குறையும். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேயும் சில தடுப்பூசிகளும் அதைப் பொறுத்து மாறும். எக்ஸ்ரேயில் காசநோய்ச் சந்தேகம் வந்தால் சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு மட்டும் எட்டு வாரம் ஆகும். அதனால் பரிசோதனையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அறிக்கை பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும் என்பதால் கடிதம் வருமுன் அவசரப்பட்டும் போக வேண்டாம்.

படி 6: மும்பை

கோவையிலிருந்து விமானம் இரண்டு மணி நேரம். ரயில் என்றால் குர்லா எக்ஸ்பிரஸ், திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாக ஒன்றரை நாள். குர்லாவில் இறங்கினால் தூதரகம் இருக்கும் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ் பக்கம்தான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை கொட்டும், ஆகவே இரண்டு நாள் முன்னாலேயே போய்விடுங்கள். கைபேசி, ஸ்மார்ட் வாட்ச், பெரிய பை எதையும் உள்ளே விடமாட்டார்கள். கூட வருபவரிடம் கொடுத்துவிட்டு, ஒளி ஊடுருவும் பைலில் காகிதம் மட்டும் கொண்டுபோங்கள். என்னுடன் அப்பா வந்தார். வாசலில் நிற்கும்வரை, "அம்மிணி, காயிதமெல்லாம் எடுத்துக்கிட்டியா?" என்று நான்கு தடவை கேட்டுவிட்டார்.

அசல் சான்றிதழ்களை மேலேயும், ஒவ்வொன்றுக்கும் கீழே நகலையும் வையுங்கள். கேட்பதை மட்டும் எடுத்துக் கொடுக்க வசதியாக இருக்கும்.

படி 7: கண்ணாடிக்கு முன்னால்

முதலில் ஒரு ஜன்னலில் ஆவணங்களை வாங்கிச் சரிபார்ப்பார்கள். பிறகு அதிகாரி கூப்பிடுவார். வலது கையை உயர்த்தி, சொல்வது உண்மை என்று உறுதி கேட்பார். அப்புறம் கேள்விகள்: எப்படிப் பார்த்தீர்கள், எப்போது கல்யாணம், அவர் என்ன வேலை, எந்த ஊர், கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை தடவை சந்தித்தீர்கள். நமக்குப் பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம் என்றால் அப்படியே சொல்லுங்கள். ஜாதகம் பார்த்தது, பெண் பார்க்க வந்தது, உறுதி வார்த்தை நடந்த தேதி, எல்லாம் நம் வாழ்க்கையில் நடந்ததுதானே.

என் ஆல்பத்தைப் புரட்டிய அதிகாரி ஒரு படத்தில் நிறுத்திவிட்டார். மாப்பிள்ளைக்கோலத்தில் என் கணவர், பக்கத்தில் பட்டுச்சேலையில் வேறொரு பெண். "இது யார்?" என்றார். இணைச்சீர்ப் படம் அது. "அவருடைய அக்கா. எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் சகோதரிக்கு ஒரு சீர் செய்வோம்" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போனார். ஐயரில்லாமல் அருமைக்காரர் நடத்தி வைக்கும் கல்யாணத்தையும் வெளியாட்களுக்குப் பார்த்தவுடனே புரியாது. ஆகவே பதினைந்து, இருபது படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, பின்பக்கம் தேதி, சடங்கின் பெயர், யார் யார் என்று எழுதி வையுங்கள். இருவீட்டுப் பெரியவர்களும் ஒன்றாக நிற்கும் படம் ஒன்றாவது இருக்கட்டும்.

கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி கேட்கச் சொல்லுங்கள். தேதி ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்றே சொல்லுங்கள். ஊகித்துச் சொன்ன தேதி படிவத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அதுதான் சிக்கல். முந்தின இரவு டிஎஸ்-260 நகலை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

படி 8: அதற்குப் பிறகு

ஒப்புதல் என்றால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். 221(ஜி) என்று ஒரு சீட்டுக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். ஏதோ ஒரு காகிதம் குறைகிறது, அல்லது இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று பொருள். என்ன கேட்டிருக்கிறார்களோ அதை மட்டும், சொன்ன வழியில் அனுப்புங்கள்.

பாஸ்போர்ட் வந்ததும் விசாவில் உள்ள எழுத்துகளை வாசலிலேயே நின்று சரிபாருங்கள். மூடிய உறை கொடுத்திருந்தால் பிரிக்காதீர்கள். எக்ஸ்ரே சிடி இருந்தால் கைப்பையில் வையுங்கள். கிளம்புவதற்கு முன் யுஎஸ்சிஐஎஸ் கட்டணம் 235 டாலரைக் கட்டிவிட்டால் கிரீன் கார்டு தபாலில் வரும். விமான நிலையத்தில் முத்திரை குத்திய விசாவே ஒரு வருடத்துக்குக் கிரீன் கார்டாகச் செல்லும்.

கணவர் குடியுரிமை உள்ளவர் என்றால், அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாதிருந்தால் உங்கள் விசா வகை சிஆர்1, அதாவது நிபந்தனையோடு; ஆகியிருந்தால் ஐஆர்1, நிபந்தனை இல்லாமல். இரண்டாவது ஆண்டு நிறைவு நெருங்கியிருந்தால், அதற்கு மறுநாள் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுத்து, இறங்கியதும் அதிகாரியிடம் ஐஆர்1 ஆக மாற்றித் தரும்படி கேளுங்கள். எனக்கு அந்த அவகாசம் இல்லை, அதனால் இரண்டு வருட நிபந்தனைக் கார்டுதான் வந்தது. அப்படி வந்தால் அது காலாவதியாகும் தேதிக்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 என்ற மனுவைப் போட வேண்டும். கார்டு கையில் கிடைத்த அன்றே அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். மாதம் ஒரு தாள் போட்டு வந்த உறையையும் மூடிவிடாதீர்கள், ஐ-751க்கும் அதே மாதிரிக் காகிதங்களைத்தான் கேட்பார்கள்.