துளையிட்ட சில்லும் காசிமேட்டு வலையும்: கைவினைஞரிடம் கேட்டுத் தொல்லியல் அறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழக அகழாய்வுக் குழிகளில் அடிக்கடி கிடைக்கும் பொருள்களில் ஒன்று, உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்து நடுவே துளையிட்ட சில்லு. அதைச் சென்னைக் காசிமேட்டில் வலை சீர்செய்யும் பெரியவரிடம் காட்டினால் வலைக்குக் கட்டும் குண்டு என்பார். நூல் நூற்றுப் பழகியவர் தக்களியின் வட்டு என்பார். துளையில்லாத சில்லாக இருந்தால் ராயபுரத்துச் சிறுமி உடனே பாண்டிக் கட்டத்தில் அதை எறிந்து காட்டுவாள். மூவரும் தாம் அறிந்ததைத்தான் சொல்கிறார்கள். முதலில் கேட்ட பதிலையே முடிவாக எழுதிக்கொண்டு திரும்புவதுதான் முதல் தவறு.

அவர்களிடமிருந்து பெற வேண்டியது பொருளின் பெயரை அல்ல, எதைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்பதை. தக்களி தள்ளாடாமல் சுழல வேண்டுமானால் துளை சரியாக நடுவில் இருந்தாக வேண்டும். வலைக்குண்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் கயிறு இழுபடும் பக்கத்தில் துளையின் விளிம்பு தேய்ந்து போகும். இவ்வளவு தெரிந்துகொண்டு சில்லை மறுபடியும் உருப்பெருக்கியில் பார்ப்பவருக்கு, சில்லு தானே பதில் சொல்லத் தொடங்கும்.

இன்றைய தொழிலை மாறாத பழைமையாகக் கருதுவது இன்னும் பெரிய தவறு. காசிமேட்டில் இன்று கட்டப்படுவது ஈயக்குண்டு, வலையோ நைலான். பருத்தி நூல் வலை நீரை உறிஞ்சிக் கனக்கும், நைலான் அவ்வாறு கனக்காது. சுட்ட மண் நீரில் மூழ்கும்போது தன் எடையில் ஏறத்தாழப் பாதியை இழக்கும். ஈயம் பத்தில் ஒரு பங்குகூட இழக்காது. ஆகவே, இன்றைய குண்டின் எடையை அளந்து, அதே கணக்கில் பழைய மண்குண்டுகளின் எண்ணிக்கையை மதிப்பிட்டால் கணக்கு முழுவதுமே பிசகிவிடும். குஜராத்தின் கம்பாத் நகரில் கார்னீலியன் என்னும் செந்நிறக் கல்லில் மணி செய்பவர்களிடமிருந்து கல்லைச் சூடாக்கிச் செந்நிறம் கூட்டும் முறையையும் செதில் செதிலாகப் பெயர்த்து வடிவாக்கும் முறையையும் ஆய்வாளர்கள் கற்றுக்கொண்டு, சிந்துவெளி மணிகளைப் புரிந்துகொண்டது உண்மை. ஆயினும் கம்பாத்தில் இன்று துளையிடும் கருவிக்கு வைரமுனை. ஹரப்பா மக்கள் பயன்படுத்தியது கடினமான கல்லால் ஆன துளைக்கருவி. எது தொடர்கிறது, எது மாறியது என்பதை ஒவ்வொரு படியாகப் பிரித்துப் பார்க்காமல் ஒப்பிடக் கூடாது.

வாயால் சொல்வதை மட்டும் குறித்துக்கொண்டு, கை செய்வதைப் பார்க்காமல் வருவதும் பலர் செய்வது. சென்னையில் குயவர்கள் வாழும் கொசப்பேட்டையில் பானை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டால், "சக்கரத்துல வச்சுச் செய்வோம்" என்றுதான் பதில் வரும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், சக்கரத்திலிருந்து அறுத்து எடுத்த பானைக்கு அடிப்பகுதி இன்னும் உருவாகாமல் இருப்பது தெரியும். சற்று உலர்ந்த பிறகு, உள்ளே உருண்டைக் கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடி மூடி உருள்கிறது. கழுத்தில் சக்கரச் சுழற்சியின் வரிகள். வயிற்றின் உட்புறத்தில் கல் பதிந்த குழிவுகள். ஒரே பானையில் இரண்டு அடையாளங்களும் இருக்க, கழுத்து ஓடு கிடைத்தால் சக்கரத்தில் செய்தது என்றும் வயிற்று ஓடு கிடைத்தால் கையால் செய்தது என்றும் இரு வகையாகப் பிரித்து எழுதும் பிழை இங்கிருந்துதான் வருகிறது.

"இது பூஜைக்குத்தானே பயன்பட்டிருக்கும்?" என்று பதிலையும் சேர்த்துக் கேட்பவருக்கு, வந்தவர் மனம் நோகக் கூடாது என்று ஆமாம் என்றே சொல்வார்கள். பொருளைக் கையில் கொடுத்துவிட்டு அமைதியாக இருப்பதே மேல்.

ஆண்களிடம் மட்டும் கேட்பதையும் சொல்லியாக வேண்டும். கரையில் நெத்திலியை முழுதாக மணலில் பரப்பி உலர்த்துவதும், பெரிய மீனைப் பிளந்து குடல் எடுத்து உப்பிடுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. எந்த மீனின் எந்த எலும்பு கரையிலேயே கழிந்துபோகும், எது கருவாட்டோடு உள்நாட்டுச் சந்தை வரை போகும் என்பதைக் கூடை சுமந்த அம்மாதான் சொல்ல முடியும். கடலிலிருந்து தொலைவில் உள்ள ஊரில் கிடைக்கும் மீன் எலும்புகளை விளக்க முயல்பவருக்கு அதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை.

இத்தனையும் கற்றுக்கொண்டு, "உள்ளூர்த் தகவல்" என்ற இரண்டு சொற்களில் அவர்களை அடக்கிவிடும் அறிக்கைகளைப் படிக்கும்போது மனம் வேதனைப்படுகிறது. சம்மதம் கேட்டு, விரும்புகிறவர்களின் பெயரைச் சொல்லி நன்றி தெரிவிப்பது குறைந்தபட்ச நேர்மை. அச்சுக்குப் போகுமுன் வரைபடங்களை அவர்களிடமே கொண்டுபோய்க் காட்டினால், "உள்ளே கல்லு பட்ட தடத்த வெளியில போட்டிருக்கீங்களே சார்" என்று சூளையடியிலேயே திருத்தமும் கிடைக்கும்.