எந்தக் கலத்தில் அரைத்தீர்கள்?

போன வாரம் புது ஆய்வு மாணவி ஒருவர் கிரானைட் தூளில் கோபால்ட் எக்கச்சக்கமாக இருப்பதாகச் சொல்லி ஓடி வந்தார். "எதுலம்மா அரைச்சே?" என்றேன். டங்ஸ்டன் கார்பைடு கலம். அந்தக் கார்பைடைப் பிணைத்து வைத்திருப்பதே கோபால்ட்தான். அரைக்க அரைக்கத் தேய்ந்து தூளில் கலந்துவிடும்.

கையுறை போடுங்கள், அலகைச் சரிபாருங்கள் என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் விட்டுவிடுகிறேன். ஆய்வகத்தில் எளிதில் விழக்கூடிய வேறு சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பாதி வழிப் பிளாங்க்

சாம்பிள் இல்லாமல் செய்து பார்க்கும் ஒப்பீட்டு அளவீடுதான் பிளாங்க். அதைப் பாதி வழியில் தொடங்கும் தவறில் நானும் விழுந்தவன்தான். ஊற்று நீரில் துத்தநாகம் அளந்துகொண்டிருந்தேன். அமிலத்தை மட்டும் நேராகக் கருவிக்குக் கொடுத்து, "பிளாங்க் சுத்தம்" என்று நோட்டில் எழுதினேன். வடிகட்டியது, பாட்டில் மாற்றியது எதுவும் அந்தப் பிளாங்க்கில் இல்லை. ஐந்து மாதம் கழித்து, தூய நீரை ஒரு சாம்பிளைப் போலவே முதல் படியிலிருந்து நடத்திப் பார்த்தேன். ஊற்று நீரில் வந்த அதே அளவு துத்தநாகம்! கையுறையின் உள்ளே தூவியிருந்த வெள்ளைப் பொடியிலிருந்து வந்திருக்கிறது. பக்கம் பக்கமாகக் குறுக்குக் கோடு போட்டேன். நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்கப் புவிவேதியியலாளர் 1956-இல் பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று சொன்னார். அதற்காக விண்கல்லில் இருந்த ஈயத்தை அளக்கப் போனவருக்குக் காற்றிலும் நீரிலும் ரசாயனங்களிலும் ஈயம். அதை ஒவ்வொன்றாகத் துரத்தவே ஆண்டுக்கணக்கில் ஆனது.

மருத்துவத்திலும் இதே கதை. ரத்தத்தில் குரோமியம், நிக்கல் அளந்தால் எஃகு ஊசியே அவற்றைக் கொடுக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் ஈடிடிஏ உப்பு உள்ள குழாயிலிருந்து துளி ரத்தம் வேறு குழாய்க்குப் போனாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும்.

சாம்பிள் தொட்ட எல்லாவற்றையும் பிளாங்க்கும் தொட வேண்டும், ஒவ்வொரு தொகுதியிலும். அந்த மாணவி இப்போது அகேட் (குவார்ட்ஸ் வகைக் கடினக் கல்) கலத்தில் முதலில் தூய குவார்ட்ஸை அரைக்கிறார். பாறைக்கு அதுதான் பிளாங்க்.

மார்க்கரை நம்புவது

எத்தனாலோ அசிட்டோனோ பட்டால் எழுத்து போய்விடும். நுண்ணோக்கி ஸ்லைடின் சொரசொரப்பான முனையில் பென்சிலால் எழுதுங்கள்.

இருபது சோதனை செய்து, தேறிய ஒன்றை மட்டும் எழுதுவது

செய்யாதீர்கள்.

ஜீன் பட்டியலை எக்செலில் அப்படியே திறப்பது

'எஸ்இபிடி2' (SEPT2) என்ற ஜீன் செப்டம்பர் 2 என்று தேதியாகிவிடும். இதற்காகவே 2020-இல் சில மனித ஜீன்களின் பெயரை மாற்றினார்கள். பழைய கோப்புகளில் பழைய பெயர்தான். ஜீன் பெயர் உள்ள நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்தபிறகு உள்ளே இறக்குங்கள்.