வேலிச் சண்டையும் காணிக்கை உறையும்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் கிறிஸ்தவ சபை சிறியது. ஏறக்குறைய இருபது குடும்பங்கள். அதற்குள் பக்கத்து வளவு அண்ணரும் நானும் இரண்டு வருடம் முகம் கொடுக்காமல் இருந்தோம். எல்லை வேலிக்கு நடும் கிளுவைக் கதியாலை (உயிர்வேலிக் கம்புகளை) அரை முழம் என் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்பது என் கோபம்.

ஒரு ஞாயிறு மத்தேயு 5:23-24 வாசித்தார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும். பலமுறை கேட்ட வசனம்தான். ஆனால் அது பேசுவது எனக்கு அவர்மேல் உள்ள குறையை அல்ல, அவருக்கு என்மேல் உள்ள குறையை! சந்தியில் நாலு பேர் முன்னால் அவரைக் கள்ளன் என்றிருந்தேன். காணிக்கை உறையைப் போட முடியவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மத்தேயு 18:15 தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறது. நானோ அவரைத் தவிர எல்லோரிடமும் பேசியிருந்தேன்.

அன்று மாலையே தனியாகப் போனேன். வேலிக் கதையை எடுக்கவில்லை. “அண்ணை, உங்களைக் கள்ளன் என்றது என் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்.” நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே திரும்பி, தேத்தண்ணீர் போடச் சொன்னார்.

சனிக்கிழமை இருவரின் காணி உறுதிப் பத்திரங்களையும் வைத்து, கயிறு பிடித்து அளந்தோம். கிழக்கு முனையில் அவர் தள்ளியிருந்தார். மேற்கில், என் தந்தையின் காலத்திலேயே, நாங்கள் தள்ளியிருந்தோம். கதியாலைச் சேர்ந்தே நட்டோம். மறுநாள் அந்த உறையைப் போட்டேன்.