ஓட்டுப் போடும் நாளுக்கு ஒரு நிறுவனம் ஆயத்தமாவது எப்படி

2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் 69.72 விழுக்காடு வாக்குகள் பதிவாயின. தருமபுரியில் 81.20 விழுக்காட்டினர் வாக்களித்த அதே நாளில் மத்திய சென்னையில் 53.96 விழுக்காட்டினரே வாக்களித்தனர். பெருநகரத்தாருக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பணியாளர் பிரிவில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களின் கண்ணில் வேறு இரண்டு காரணங்கள் படுகின்றன: பெயர் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது, அல்லது அன்றைக்கு ஷிப்ட் இருக்கிறது. இவ்விரண்டையும் சரிசெய்ய நிறுவனத்தால் முடியும். யாருக்கு வாக்களிப்பது என்பதில் மட்டும் அதற்கு எந்த வேலையும் இல்லை.

பட்டியல் வேலையைத் தேர்தல் அறிவிப்பு வரும்வரை தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்த பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் எந்தப் பெயரும் சேராது. 1950இல் தேர்தல் ஆணையம் தொடங்கப்பட்ட நாளான ஜனவரி 25, 2011ஆம் ஆண்டு முதல் தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த வாரத்தில் உணவுக்கூடத்துக்கு அருகே ஒரு மேசையும் இணைய வசதியுள்ள ஒரு கணினியும் போட்டு, ஒவ்வொருவரும் தம் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தாமே பார்த்துக்கொள்ளச் செய்யலாம். வாக்காளர் பட்டியலை முழுவதுமாகச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய பின், பழைய அட்டை கையில் இருப்பதை மட்டும் நம்பி யாரும் இருந்துவிட முடியாது. புதிதாகச் சேர்பவருக்குப் படிவம் 6, வீடு மாறியவருக்கும் பிழை திருத்த வேண்டியவருக்கும் படிவம் 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாள்களில் பதினெட்டு வயது நிறைவது கணக்கில் கொள்ளப்படுவதாலும், பதினேழு நிறைந்தவரே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்பதாலும், தொழிற்பழகுநர்களை மறக்காமல் அழைக்க வேண்டும். ஐயம் வந்தால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கி, குடும்பத்தை ஊரில் விட்டிருப்பவர் எங்கே பதிவு செய்வது என்ற கேள்வி கட்டாயம் எழும். ஒருவர் பெயர் ஓரிடத்தில் மட்டுமே இருக்கலாம். பொய்யான உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இதைச் சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விட்டுவிட வேண்டும். படிவம் நிரப்ப உதவும்போது ஆதார் நகலையோ வாக்காளர் அட்டை எண்ணையோ அலுவலகக் கோப்பில் சேர்க்கவே கூடாது.

அடுத்தது விடுமுறை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, எந்த நிறுவனத்தில் வேலை செய்பவரானாலும் வாக்குரிமை உள்ளவருக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளப் பிடித்தம் இல்லாமல் விடுமுறை தரச் சொல்கிறது. தினக்கூலிக்காரருக்கும் அன்றைய கூலி உண்டு. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். இவ்வளவு சிறிய தொகை யாரையும் அச்சுறுத்தாது என்பதால், நிர்வாகம் மனம்வைத்துச் செய்தால்தான் இந்த உரிமை தொழிலாளியின் கைக்கு வருகிறது. நான் முன்பு இருந்த ஓர் ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்று நாங்கள் இருந்துவிட, அவர் எங்கள் பொறுப்பு என்று இருந்துவிட, துப்புரவுப் பெண்கள் அன்றைய கூலியை இழந்துதான் வாக்களித்தார்கள். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது. ஆகவே ஒப்பந்ததாரருக்குத் தனிக் கடிதம் அனுப்பி, அந்த மாத வருகைப்பதிவேட்டில் விடுமுறைக் கூலி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பின்பே அவருடைய பில்லுக்குக் கையெழுத்திட வேண்டும்.

தம் தொகுதிக்கு வெளியே வேலை செய்பவருக்கும் இந்த விடுமுறை பொருந்தும் என்பதைத் தேர்தல் ஆணையம் தெளிவாக்கியிருக்கிறது. பீகாரில் வாக்குப்பதிவு நடக்கும்போது ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் பீகார் தொழிலாளிக்கு அந்த ஒரு நாள் போதாது. பயணத்துக்கான நாள்களை அவருடைய ஈட்டிய விடுப்பில் கழித்துக்கொள்ள முன்னதாகவே ஒப்புதல் தருவது நியாயமான ஏற்பாடு. கொதிகலன், உலை போன்று ஆளில்லாவிட்டால் ஆபத்தோ பெரும் இழப்போ நேரும் பணிகளுக்குச் சட்டம் விலக்குத் தருகிறது என்றாலும், வாக்குப்பதிவு பெரும்பாலும் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை நடப்பதால், முறைவைத்து அவர்களையும் அனுப்பிவைக்க முடியும்.

நடுநிலைக்கான விதிகளைத் தேர்தல் சூடு ஏறுவதற்கு முன்பே எழுதி ஒட்டுவது நல்லது. ஆலை வளாகத்திலும் நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் கட்சிக் கொடி, துண்டறிக்கை, காணொளி எதுவும் கூடாது; ஒட்டப்படுவது தேர்தல் ஆணையத்தின் விளம்பரமாக மட்டுமே இருக்க வேண்டும். இந்த விதிக்கு நிர்வாக இயக்குநர்தான் முதலில் கட்டுப்பட வேண்டும், ஏனெனில் சம்பளம் தருபவர் தேநீர் வேளையில் சாதாரணமாகச் சொல்லும் கருத்தும் கேட்பவர் காதில் உத்தரவாகவே விழும். “இந்தத் தடவை யாருக்கு?” என்று மேற்பார்வையாளர் விளையாட்டாகக்கூடக் கேட்கக் கூடாது. யாருக்கு வாக்களித்தார் என்று சொல்லும்படி நீதிமன்றச் சாட்சியைக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது அதே சட்டத்தின் 94ஆம் பிரிவு. மை வைத்த விரலைப் படமெடுத்து அனுப்பினால் பரிசு என்ற வழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. வாக்களிக்காமல் இருந்தவரை அது ஊரறியக் காட்டிக்கொடுத்துவிடும்.

தேர்தல் இல்லாத ஆண்டுகளில் கிராமசபை இருக்கிறது. தமிழ்நாட்டில் அது கூடும் ஆறு நாள்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை ஆலைகளுக்கு எப்படியும் விடுமுறை. மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் பெரும்பாலும் வேலைநாளில் வந்துவிடுவதால், சுற்று ஊர்களிலிருந்து வரும் தொழிலாளர்கள் குடிநீரையும் சாலையையும் பற்றிப் பேசும் கூட்டத்தைத் தவறவிடுகிறார்கள். அந்த இரு நாள்களிலும் கேட்பவருக்கு ஷிப்டை மாற்றித் தரலாம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஷிப்ட் அட்டவணையில் குறித்து வைத்துவிட வேண்டும்.